உறையும் ஒரு காவலே

என் அம்மா முறுக்கு சுட்டு விற்றுத்தான் என்னையும் தம்பியையும் படிக்க வைக்கிறார்கள். அந்த அம்மாவுக்கு என்னால் நேர்ந்த ஒரு நட்டத்திலிருந்தே இக்கட்டுரை பிறந்தது.

முன்பெல்லாம் எங்கள் முறுக்கு தகர டப்பாவில்தான் கடைக்குப் போகும். "கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பையில் போட்டுக் கடை முகப்பில் தொங்கவிட்டால் பார்ப்பவர் கண்ணைக் கவருமே" என்று யோசனை சொன்னவள் நானே. படித்த பிள்ளை சொல்கிறாளே என்று அம்மாவும் கேட்டார்கள். மூன்று வாரம் சென்றதும் கடைக்கார அண்ணாச்சி முப்பது பைகளைத் திருப்பி அனுப்பிவிட்டார். பிரித்துப் பார்த்தோம். முறுக்கு மொறுமொறுப்பாகவே இருந்தது. ஆனால் குப்பென்று சிக்கு வாடை அடித்தது. அம்மா ஒரு சொல்லும் கடிந்துகொள்ளவில்லை. அதுவே எனக்கு அதிகமாக வலித்தது.

மறுநாள் எங்கள் வேதியியல் சிஸ்டரிடம் காரணம் கேட்டேன். எண்ணெயிலுள்ள கொழுப்பைப் பிராணவாயு தாக்குகிறது. வெளிச்சமும் வெப்பமும் அதற்குத் துணை போகின்றன. தாக்குண்ட மூலக்கூறு 'தனி உறுப்பு' என்னும் நிலையை அடைந்து அண்டை மூலக்கூற்றைக் கெடுக்கிறது. அது அடுத்ததைக் கெடுக்கிறது. இச்சங்கிலியின் முடிவில் எழுவதே சிக்கு வாடை. மெல்லிய பிளாஸ்டிக் ஈரத்தைத் தடுத்தாலும் பிராணவாயுவை ஓரளவு உள்ளே விட்டுவிடும். மொறுமொறுப்பு கெடாமலே மணம் கெட்டது அதனால்தான்!

வீட்டில் இதைச் சொன்னதும் ஆச்சி சிரித்தார்கள். "ஏட்டி, நெய் உருக்கையிலே முருங்கை இலை போடுதோமே, சும்மாவா?" என்றார்கள். நான் திகைத்துப் போனேன். இலைகளிலுள்ள பீனால் வகைப் பொருள்கள் தம்மிடமுள்ள ஹைட்ரஜனைத் தனி உறுப்புக்குக் கொடுத்துச் சங்கிலியை அறுத்துவிடுகின்றன. நல்லெண்ணெய் எளிதில் சிக்கடிக்காததற்கும் எள்ளிலேயே அமைந்த இத்தகைய பொருள்களே காரணம்.

இக்காவலாளியை உணவில் கலக்காமல், உணவைப் பொதியும் உறையிலேயே குடிவைத்தால் என்ன? உலகில் பலர் இதை முன்னரே முயன்றிருக்கிறார்கள். ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள் ரோஸ்மேரி இலைச்சத்து சேர்த்த பிளாஸ்டிக் தாளில் மாட்டிறைச்சியைப் பொதிந்து, அதன் நிறமும் தரமும் கூடுதல் நாள் நிற்பதை 2006-இல் வெளியிட்டனர். தாய்லாந்தில், இறால் ஓட்டிலிருந்து கிடைக்கும் கைட்டோசானில் பச்சைத் தேயிலைச் சத்தைக் கலந்து செய்த தாளைப் பன்றி இறைச்சிப் பண்டத்தின்மீது சோதித்து 2012-இல் வெளியிட்டார்கள். இத்தகைய தாளிலிருந்து காவற்பொருள் சிறிது சிறிதாக உணவின் மேற்பரப்பை அடையலாம். அல்லது தாளிலேயே தங்கித் தனி உறுப்புகளைப் பிடித்து அடக்கலாம்.

நானும் முயன்றேன். மரவள்ளி மாவைக் கஞ்சியாகக் காய்ச்சி, சிறிது கிளிசரினும் முருங்கை இலைச் சாறும் சேர்த்துத் தட்டில் ஊற்றி நிழலில் உலர்த்தினேன். முதல் மூன்று தட்டுகளும் வெடித்துப் போயின. நான்காவதில் பழுத்த இலையின் நிறத்தில் ஒரு தாள் உரிந்து வந்தது. அதில் ஒரு முறுக்கும், பழைய பிளாஸ்டிக் பையில் ஒரு முறுக்குமாக ஜன்னலோரம் வைத்தேன். சில வாரங்கள் கழித்து, எது எதுவென்று சொல்லாமல் ஆச்சியை முகரச் சொன்னேன். என் தாளில் இருந்ததையே நல்லதென்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை!

சிஸ்டர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள்: "இலைச்சாறு சேர்க்காத மாவுத் தாள் ஒன்றும் வைத்தாயா?"

வைக்கவில்லை. மறுபடியும் தொடங்கினேன். இம்முறை இரு தாள்களிலும் இருந்த முறுக்கை ஆச்சியால் பிரித்தறிய முடியவில்லை. உலர்ந்த மாவுத் தாள் தானாகவே பிராணவாயுவை நன்றாகத் தடுக்கும் என்பதைப் பின்னர்தான் படித்து அறிந்தேன். நான் இலைக்குச் சூட்டிய மாலை மாவுக்கு உரியதாக இருக்கலாம்! அம்மாவுத் தாளும் மழை நாளில் ஈரம் குடித்து, பிசுபிசுத்துக் கையோடு ஒட்டிக்கொண்டது. இலைச்சத்தைக் கூட்டினால் அதன் நிறமும் மணமும் உணவில் ஏறிவிடும்; பிளாஸ்டிக்கை உருக்கும் சூட்டில் அச்சத்தில் ஒரு பகுதி அழிந்தும் போகும். ஆய்வுக்கூடத்துத் தாள் அண்ணாச்சி கடைக்கு வருவது எளிதன்று.

எங்கள் முறுக்கு இப்போது மீண்டும் தகர டப்பாவில், வெயில் படாத அலமாரியில் இருக்கிறது. அண்ணாச்சியும் வாங்கத் தொடங்கிவிட்டார். பிறர் பிழைப்பைப் பற்றி யோசனை சொல்லுமுன் அதைச் சோதித்துப் பார்ப்பது நம் கடமை என்பதை முப்பது பைகள் எனக்குக் கற்பித்தன. நம்மை நம்பிச் செவி கொடுப்பவர்க்கு நாம் தர வேண்டிய மரியாதை அது.

வரும் விடுமுறையில் மாதுளந்தோலைக் கொண்டு முயலப் போகிறேன், தோழியரே. இம்முறை சாறு சேர்க்காத தாளையே முதலில் செய்வேன். முடிவு தெரியும்வரை அம்மாவிடம் ஒரு யோசனையும் சொல்ல மாட்டேன்!