பழுது காண்பவரின் கூலி

காஞ்சிபுரத்துக்கு வருகிறவர்கள் கோபுரங்களைத் தரிசிக்கவும் பட்டுச் சேலை எடுக்கவும் வருவதே வழக்கமாயிருக்க, என் நண்பர் ஒருவர் தம்முடைய இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் காரை மீட்பு வண்டியொன்றின் முதுகில் ஏற்றிக்கொண்டு, கோயிலையும் ஜவுளிக்கடையையும் திரும்பிப் பாராமல், நேரே ஏனாத்தூரில் உள்ள ஒரு தகரக் கொட்டகையின் வாசலுக்கு வந்து சேர்ந்தார். ஜெர்மனியில் செய்யப்பட்ட அந்த வண்டியைச் சென்னையில் பெயர்பெற்ற ஒரு பணிமனையார் மாதக்கணக்கில் வைத்திருந்து, விலையுயர்ந்த பாகங்களை ஒன்றன்பின் ஒன்றாக மாற்றி, நீண்ட பட்டியல் ஒன்றையும் கையில் கொடுத்து அனுப்பிய பின்னரும், பழுது மட்டும் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் பல வருஷம் வேலை பார்த்த மேஸ்திரி ஒருவர் ஏனாத்தூரில் ஷெட் வைத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு நண்பர் புறப்பட்டபோது, அப்படிப்பட்ட ஒரு தொழிலாளி தம் வித்தையைப் பிரயோகிக்கும் விதத்தை அருகிலிருந்து பார்க்கவேண்டும் என்ற ஆவலால் நானும் உடன் சென்றேன்.

ஏனாத்தூர் என்றால் பலருக்கும் நினைவுக்கு வருவது 1993-ஆம் ஆண்டில் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக அமைந்த ஸ்ரீ சந்திரசேகரேந்திர சரஸ்வதி விஸ்வ மகாவித்யாலயாதான். வேத சாஸ்திரங்களும் இயந்திரப் பொறியியலும் ஒரே வளாகத்தில் கற்பிக்கப்படும் அந்தக் கல்விச்சாலைக்குச் சற்றுத் தொலைவில், பெயர்ப்பலகை வெயிலில் வெளுத்துப்போன நிலையில் இருக்கிறது மேஸ்திரியின் ஷெட். உள்ளே ஆடம்பரமாகச் சொல்லத்தக்கது ஒன்றுமில்லை. ஆனால் சுவரில் வரிசையாகத் தொங்கும் ஸ்பேனர்கள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் அதனதன் உருவம் கறுப்புச் சாயத்தால் வரையப்பட்டிருந்ததையும், கழற்றிய திருகுகள் எவர்சில்வர்க் கிண்ணங்களில் பாகம் பாகமாகப் பிரித்து வைக்கப்பட்டிருந்ததையும் கண்டபோதே, இங்கே வேலை சிரத்தையோடு நடக்கிறது என்ற நம்பிக்கை எனக்கு உண்டாயிற்று.

மேஸ்திரி நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். தறியில் உட்கார மனமில்லாமல், பதின்வயதிலேயே நெடுஞ்சாலையோரத்து லாரி ஷெட் ஒன்றில் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் பையனாகச் சேர்ந்து, அங்கிருந்து பந்தயக்காரர்களிடம் போய்ச் சேர்ந்தார். 1953-இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், இரண்டாம் உலகப்போருக்குப் பின் பயனற்றுக் கிடந்த சோழவரம் விமான ஓடுதளத்தில் நெடுங்காலம் பந்தயங்களை நடத்திவிட்டு, 1990-இல் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர் சுற்றளவுள்ள நிரந்தரத் தடத்தைத் திறந்தது. கோயம்புத்தூர் கரிவரதன் உருவாக்கிய ஃபார்முலா மாருதி என்னும் ஒற்றை இருக்கை வண்டிகள், மாருதி 800-இன் மூன்று சிலிண்டர் எஞ்சினைச் சுமந்துகொண்டு ஓடிய காலத்தின் கடைசிப் பகுதியில் மேஸ்திரி அங்கே பையனாக நுழைந்திருக்கிறார். பந்தயத்தில் ஓட்டுபவரின் பெயர் பத்திரிகையில் வரும்; வண்டியின் அடியில் படுத்திருந்தவனின் பெயர் வராது. ஆயினும் ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் சக்கரத்தையும் பிரேக்கையும் தாங்கு கம்பிகளையும் தொட்டுப் பார்த்து, முறுக்கிய நட்டின்மீதும் அது உட்கார்ந்த இடத்தின்மீதும் சேர்த்து ஒரே வெள்ளைக் கோடு இழுத்து, அந்தக் கோடு விலகியிருக்கிறதா என்று அடுத்த ஓட்டத்தின் முடிவில் கவனிக்கும் பழக்கம் அங்கேதான் தமக்கு வந்தது என்று அவர் சொன்னார். இன்றும் அவருடைய ஷெட்டை விட்டு வெளியேறும் சாதாரண வாடகைக் காரின் சக்கர நட்டுகளில்கூட அந்த வெள்ளைக் கோட்டைக் காணலாம்.

நண்பரின் வண்டி இறங்கியதும் மேஸ்திரி பானெட்டைத் திறக்கவில்லை. ஸ்டூல் ஒன்றைப் போட்டு நண்பரை உட்காரவைத்து, "வண்டி வீட்ல எங்க சார் நிக்கும்? வெயில்லயா, நெழல்லயா?" என்று ஆரம்பித்தார். கடைசியாக ஒரேயடியாக ஐம்பது கிலோமீட்டர் ஓட்டியது எப்போது, சூடு ஏறுவது நெரிசலிலா நெடுஞ்சாலையிலா, போன மழையில் உள்ளே தண்ணீர் வந்ததா, நடுக்கம் ஸ்டீரிங்கில் தெரிகிறதா இருக்கையில் தெரிகிறதா என்று அவர் கேட்டுக்கொண்டே போக, நண்பர் முதலில் அலட்சியமாகவும் பிறகு யோசித்தும் பதில் சொன்னார். சென்னையில் இத்தனை மாதம் கிடந்தபோது இவற்றில் ஒரு கேள்வியையேனும் யாரும் கேட்கவில்லையாம்.

எஞ்சின் ஓய்வாக ஓடும்போது குலுங்குகிறது, மிஸ்ஸிங் அடிக்கிறது, காலை அழுத்தினால் சரியாகிவிடுகிறது என்பதே முதல் புகார். மேஸ்திரி தம் ஸ்கேனரைப் பொருத்திப் பார்த்தார். கலவையில் பெட்ரோல் குறைவு, காற்று அதிகம் என்ற குறிப்பு வந்தது. ஒரு பங்கு பெட்ரோல் முழுவதும் எரிவதற்கு எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும். அந்த விகிதம் பிறழ்ந்தால் புகைபோக்கியில் உள்ள ஆக்சிஜன் உணரி அதை அறிந்து கணினிக்குத் தெரிவிக்கும். முந்திய பணிமனையார் இதே குறிப்பைக் கண்டுதான் அந்த உணரியை மாற்றினர். பிறகு பிளக்குகளை மாற்றினர். அதன்பின் இக்னிஷன் காயில்களையும் மாற்றினர். "ஸ்கேனர் பொய் சொல்லல சார். காத்து ஜாஸ்தின்னு சொல்லுது. அந்தக் காத்து எங்கேருந்து வருதுன்னு நாமதான் பாக்கணும்" என்றார் மேஸ்திரி.

அதன்பின் அவர் செய்த காரியத்தை நான் எளிதில் மறக்கமாட்டேன். எஞ்சினை ஓடவிட்டு, ஒரு நீண்ட திருப்புளியின் முனையை எஞ்சினின்மேல் ஊன்றி, அதன் பிடியைக் காதோடு சேர்த்து, கண்ணை மூடிக்கொண்டு இடம் இடமாகக் கேட்டுவந்தார்; வால்வுகளின் சப்தமும் சங்கிலியின் சப்தமும் சீராக இருக்கின்றன, உள்ளே தேய்மானம் இல்லை என்று தீர்மானித்தார். பிறகு, காற்று உள்ளிழுக்கும் பகுதியோடு சேர்ந்த ரப்பர்க் குழாய்களை ஒவ்வொன்றாகக் குறட்டின் மெல்லிய வாயால் நெரித்து, நெரிக்கும்தோறும் எஞ்சினின் ஓசை மாறுகிறதா என்று கவனித்தார். குழாய் நல்லதாயிருந்தால் ஓசையில் குலுக்கம் அப்படியே நீடித்தது. எஞ்சினின் பின்புறத்தில், கைக்கு எட்டுவதற்கே அரிதான மூலையில் இருந்த ஒரு சிறு குழாயை நெரித்த மாத்திரத்தில், அதுவரை தடுமாறிக்கொண்டிருந்த எஞ்சின் சட்டென்று நிதானப்பட்டு ஒரே லயத்தில் ஓடத் தொடங்கியது. விட்டதும் மறுபடி தடுமாறியது. "இங்கதான் சார் ஏர் வாங்குது" என்று சொல்லி, அருகில் நின்ற பையனைக் கூப்பிட்டு, "நீயும் ஒரு தடவ நெரிச்சுப் பார்றா தம்பி, கைக்குத் தெரியணும்" என்றார். கழற்றி வெளியே எடுத்தபோது அந்தக் குழாயின் அடிப்பக்கத்தில், மேலிருந்து பார்த்தால் தெரியாதபடி, விரல்நகம் அளவுக்கு ஒரு வெடிப்பு இருந்தது. வருஷக்கணக்கான எஞ்சின் சூட்டில் காய்ந்து இறுகிய ரப்பர் வெடித்துப்போயிற்று, அவ்வளவே நோய். ஓய்வாக ஓடும்போது எஞ்சின் இழுக்கும் காற்று சொற்பமாகையால் களவாக நுழையும் சிறு காற்றும் கலவையைக் கெடுத்துவிடுகிறது; வேகத்தில் வெள்ளமாகப் புகும் காற்றில் அதே கசிவு கரைந்துபோகிறது. காலை அழுத்தினால் சரியாகிவிடுகிறது என்று நண்பர் சொன்ன வார்த்தையிலேயே விடை இருந்தது என்பதை மேஸ்திரி விளக்கியபோதுதான், ஆரம்பத்தில் கேட்ட கேள்விகளின் அருமை எங்களுக்கு விளங்கிற்று.

சூடு ஏறும் புகாரையும் அவர் இப்படியே தர்க்கத்தால் அணுகினார். நெடுஞ்சாலையில் சூடு ஏறாமல் நெரிசலில் மட்டும் ஏறுகிறது என்றால், ஓடும் வண்டிக்குக் காற்று தானாகவே கிடைக்கிறது, நிற்கும் வண்டிக்கு மின்விசிறிதான் கொடுக்கவேண்டும். ஆகவே தெர்மோஸ்டாட்டையும் வாட்டர் பம்பையும் சந்தேகிப்பதற்கு முன்னால் விசிறியைப் பார்க்கவேண்டும். ஏசியைப் போட்டுவிட்டுப் பார்த்தார். மெதுவாகச் சுழல ஆரம்பிக்கவேண்டிய விசிறி சுழலவேயில்லை. அதன் மின் இணைப்பில் பச்சை பூத்துக் களிம்பேறியிருந்தது. தெர்மோஸ்டாட்டோ சென்னையில் புதிதாக மாற்றப்பட்டுப் பளபளவென்று இருந்தது! இது போதாதென்று, ரேடியேட்டருக்கும் அதன் முன்னால் நிற்கும் ஏசி கண்டென்சருக்கும் நடுவில் காய்ந்த வேப்பிலையும் தூசியும் மெத்தைபோல் அடைந்து கிடந்தன.

மற்றவை விரைவில் வெளிப்பட்டன. டயரின் பக்கவாட்டில் 3212 என்ற நான்கு இலக்கம் இருந்தது. 2012-ஆம் ஆண்டின் 32-ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்பது அதன் பொருள். பள்ளம் குறையாமல் புதிது போலத் தோன்றிய அந்த டயர்கள் கல்லாக இறுகி, ஒரே இடத்தில் நின்றதனால் அடிப்பாகம் தட்டையாகியிருந்தன. நடுக்கத்துக்கு அதுவே காரணம். பிரேக் ஆயில் தேயிலைக் கஷாயத்தின் நிறத்தில் இருந்தது. அந்தத் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் சுபாவம் உடையது. டாட் 4 என்னும் வகை புதிதாயிருக்கையில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்கவேண்டும், ஈரம் ஏறியபின் தாங்குவது 155 டிகிரி அளவுக்கு இறங்கிவிடும் என்பது அதன் தர நிர்ணயம். மலைச்சாலையில் தொடர்ந்து பிரேக் பிடித்து இறங்கும்போது அது கொதித்து ஆவியானால், மிதி தரையைத் தொட்டும் வண்டி நிற்காது. மடக்கும் கூரையின் ஓரங்களில் மழைநீர் வடிவதற்காக அமைந்த குழல்கள் இலைச் சருகால் அடைபட்டு, நீர் இருக்கைக்கு அடியில் தேங்கி, அங்கிருந்த மின்னணுப் பெட்டியைத் தொட்டுக்கொண்டிருந்தது. இவற்றில் ஒன்றையும் இயந்திரக் கோளாறு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எல்லாம் பராமரிப்பின்மையால் வந்த விளைவுகள்.

வண்டி ஓடினால்தான் தேயும், ஓடாத வண்டிக்கு என்ன வேலை என்ற அபிப்பிராயம் நம் உரிமையாளர்களிடையே வேரூன்றியிருக்கிறது. நண்பரின் காரும் வருஷத்தில் சில ஞாயிற்றுக்கிழமைகள் மட்டுமே வெளியே வந்து, மற்ற நாளெல்லாம் உறை போர்த்தி நின்றது. ஆனால் ரப்பரும் எண்ணெயும் பிரேக் ஆயிலும் கூலண்டும் கிலோமீட்டரை மட்டுமா கணக்கிடுகின்றன? காலமும் அவற்றைத் தின்கிறது. 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் விற்கப்படும் இக்காலத்தில், ஈரத்தை ஈர்க்கும் அந்த எரிபொருளை மாதக்கணக்கில் டாங்கியில் தேக்கிவைப்பதும் பழைய வண்டிக்கு நல்லதல்ல. பந்தய வண்டி கடுமையாக உழைத்தாலும் ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பின்னும் ஒருவர் கைபட்டுச் சோதிக்கப்படுகிறது. வீட்டில் போற்றி மூடிவைத்த வண்டியையோ யாரும் தொட்டுப் பார்ப்பதில்லை. மேஸ்திரியின் கையில் இவ்விரண்டு வகை வண்டிகளும் வந்துபோயிருக்கின்றன. மூடிவைத்த வண்டிகளே அவருக்கு அதிக வேலை வைக்கின்றன.

சாயங்காலம் கணக்குப் பார்த்தபோது நிகழ்ந்ததைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. டயர்களின் விலையை நண்பர் மறுபேச்சின்றி ஒப்புக்கொண்டார். வெடித்த குழாயின் விலை சில நூறு ரூபாய்தான், அதற்குக் கீழே, பழுது கண்டுபிடித்ததற்கென்று மேஸ்திரி எழுதியிருந்த மிதமான தொகையைக் கண்டதும், "ஒரு ரப்பர்க் குழாய்தானேப்பா, இதுக்கு எதுக்கு இவ்வளவு?" என்று பேரம் பேச ஆரம்பித்தார். மேஸ்திரி தர்க்கம் செய்யவில்லை. பேனாவை எடுத்து அந்தத் தொகையைப் பாதியாக்கினார். மாதக்கணக்கில் ஒரு பெரிய பணிமனைக்குப் பிடிபடாத காரணத்தை ஒரு முற்பகலில் கண்ட காதுக்கும் கைக்கும் உரிய கூலி அது.

காஞ்சியில் இது புதிதல்ல. கோர்வைச் சேலையில் உடலையும் கரையையும் வெவ்வேறு நாடாவால் நெய்து, இழை பிசகாமல் ஒன்றோடொன்று கோத்துச் சேர்க்கும் நெசவாளரின் சேலையை விலைபேசும்போதும், சரிகையின் எடையைக் கிராம் கணக்கில் ஒப்புக்கொள்ளும் நாம், கூலியில்தான் கை வைக்கிறோம். தறியை விட்டு வந்த மகனுக்கும் அதே வழக்கு தொடர்ந்து வருகிறது. அவரிடம் பயிலும் இரண்டு பையன்களில் ஒருவன், உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையில் கூடுதலாகக் கிடைக்கிறது என்று அடுத்த மாதம் போய்விடப் போகிறான் என்பதையும் அவர் வருத்தத்தோடு தெரிவித்தார்.

வாகனம் வைத்திருப்போர் ஒவ்வொருவரையும் நான் வேண்டிக்கொள்வது இதுதான்: இன்றைக்கே உங்கள் டயரின் பக்கவாட்டிலுள்ள நான்கு இலக்கத்தைப் படியுங்கள், பிரேக் ஆயில் மாற்றி இரண்டு வருஷம் ஆகியிருந்தால் மாற்றிவிடுங்கள். மெக்கானிக் கொடுக்கும் பட்டியலில் பழுது கண்டறிந்ததற்கென்று ஒரு வரி இருந்தால், மற்ற எந்த வரியில் பேரம் பேசினாலும், அந்த வரியில் பேசாமல் முழுத்தொகையையும் கொடுத்துவிடுங்கள்.