மூடக் கூடாத துளை

சென்னை ரிச்சி தெருக் கடைக்காரர் என் ஹார்ட் டிஸ்க்கின் வெளிக்கூட்டைக் கழற்றி, மின்சாரம் கொடுத்துக் காதருகே வைத்துக் கேட்டார். டிக், டிக் என்று ஒரே சீரான சத்தம். "ஹெட் போயிடுச்சு சார். தட்டுல உரசியிருக்கும். இங்க திறக்க முடியாது, தூசி பட்டா மிச்சமும் போயிடும்" என்றார். அதில் ஒரு வாரத்து லடாக் இருந்தது. பாங்காங் ஏரி, ஹான்லேயின் இரவு வானம், இன்று படுக்கையில் இருக்கும் நண்பர் அங்கே நடந்த நடை.

டிஸ்க்கின் மூடியில் ஒரு சின்னத் துளை தெரிந்தது. இதை மூடாதே என்று பக்கத்திலேயே ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தார்கள். எதற்கு என்று கேட்டேன். "அது மூச்சு விடுறதுக்கு சார்."

வீட்டுக்கு வந்ததும் அதைப் பற்றித்தான் தேடிப் படித்தேன். உள்ளே தட்டு நிமிடத்துக்கு 5,400 முறை சுழல்கிறது. அந்தச் சுழற்சி இழுத்து வரும் காற்றின்மேல், தரவைப் படித்து எழுதும் ஹெட் மிதக்கிறது. இரண்டுக்கும் இடையே சில நானோமீட்டர்தான். ஒரு தலைமுடியின் பருமனோ ஏறக்குறைய 80,000 நானோமீட்டர். உள்ளும் புறமும் காற்றழுத்தம் ஒன்றாக இருக்க வேண்டும் என்றே அந்தத் துளை. தூசியைத் தடுக்க அதன் அடியில் ஒரு வடிகட்டி. மலை ஏற ஏறக் காற்று மெலிகிறது, ஹெட் தாழ்கிறது. ஓடும் டிஸ்க்குக்குப் பெரும்பாலும் 3,048 மீட்டர், அதாவது 10,000 அடிதான் எல்லை. லே நகரமே 3,500 மீட்டர். ஹான்லே 4,000 மீட்டருக்கும் மேலே. லடாக்கில் நான் ஏழு இரவும் படங்களை ஏற்றிக்கொண்டிருந்தேன். விடுதியின் மாடிப்படியில் எனக்கு மூச்சு வாங்கியது. பைக்குள் இருந்த பெட்டிக்கும் அதே பாடுதான் என்று தோன்றவே இல்லை.

மெலிந்த காற்றுதான் காரணம் என்று என்னால் நிரூபிக்க முடியாது. குளிரில் கிடந்ததைச் சூடான அறைக்குள் கொண்டுவந்த கையோடு கணினியில் சொருகியும் இருக்கிறேன்; உள்ளே ஈரம் பனித்திருக்கலாம். எப்படியானாலும், தாங்காத இடத்தில் அதை ஓடவைத்தது நான்தான்.

2017 ஏப்ரலில் எம்87 கருந்துளையைப் பதிவுசெய்த ஈவன்ட் ஹொரைசன் தொலைநோக்கிக் குழுவுக்கும் இதே சிக்கல் இருந்தது. அதன் நிலையங்களில் பல மிக உயரமான இடங்களில் இருக்கின்றன. அவர்கள் ஹீலியம் நிரப்பி முழுக்க அடைத்த டிஸ்க்குகளைப் பயன்படுத்தினார்கள். அவற்றில் இந்தத் துளை கிடையாது. வெளிக்காற்று எவ்வளவு மெலிந்தாலும் உள்ளே இருப்பது அப்படியே இருக்கும். தென்துருவத்தில் பதிவான டிஸ்க்குகள், குளிர்காலத்தில் விமானம் இல்லாததால், அந்த ஆண்டின் இறுதியில்தான் வந்துசேர்ந்தன. அந்தப் பதிவுகள் அதுவரை பெட்டிகளுக்குள் காத்திருந்தன.

இன்னொன்றையும் என்னால் மறக்க முடியவில்லை. 2003இல் கொலம்பியா விண்கலம் சுமார் 60 கிலோமீட்டர் உயரத்தில் சிதறி, ஏழு பேர் இறந்தார்கள். சிதைவுகளில் கருகிக் கிடைத்த ஒரு டிஸ்க்கிலிருந்து, செனான் வாயுவைப் பற்றிய சோதனையின் தரவுகள் கிட்டத்தட்ட முழுவதும் மீண்டன. 2008இல் முடிவுகள் வெளியாயின. கலம் உடைந்தபோது அந்த டிஸ்க் சுழலாமல் இருந்திருக்கலாம். நின்றிருக்கும் டிஸ்க்குக்கு 12,000 மீட்டர்வரைகூட அனுமதி உண்டு. ஓடும்போது தாங்குவதைவிடப் பல மடங்கு அதிர்ச்சியை அது தாங்கும்.

போன ஆண்டு மறுபடி லடாக் போனேன். படங்களைக் கேமரா அட்டைகளிலேயே வைத்திருந்தேன். மணாலிக்கு இறங்கி, ஓர் இரவு கழிந்த பிறகுதான் டிஸ்க்கைக் கணினியில் சொருகினேன்.