பவரும் உயிலும்

தந்தையார் தில்லியில் உத்தியோகம் பார்த்த இருபதாண்டும் ஊர் நிலத்தைப் பேணியவர் என் சித்தப்பா. அவர் கையிலிருந்தது ஒரு பவர் பத்திரமே. 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி, எழுதிக் கொடுத்தவர் இறந்தாலும் சித்தம் கலங்கினாலும் முகவரின் அதிகாரம் பொதுவாக முடிவுறும். தந்தையார் மறைந்ததும் அப்பத்திரம் வெறுங்காகிதமாயிற்று. வெவ்வேறு ஊர்களில் வாழ்ந்த வாரிசுகள் ஐவரும் ஒப்பமிடும்வரை, தாம் பாடுபட்ட மண்ணில் குத்தகைக்கு ரசீது தரும் உரிமையுமின்றிச் சித்தப்பா நின்றார்.

ஆகவே, தம்பிக்குப் பவர் தந்த கையோடு நான் உயிலும் எழுதி, அதனை நிறைவேற்றும் பொறுப்பையும் அவனிடமே அளித்தேன். உயிலுக்குப் பதிவு கட்டாயமன்று. இரு சாட்சிகளின் கையொப்பம் வேண்டும்.

உடன்பிறந்தாரிடம் நிலபுலனை ஒப்படைத்து வந்திருக்கும் அன்பர்களே, பவர் நம் வாழ்நாளுக்கு மட்டுமே. நமக்காக உழைப்பவரை நமக்குப் பின்னும் காப்பது உயிலே.