நழுவும் தலகாணி

தொண்டாமுத்தூர்ப் பக்கம் பாக்கு, தென்னை, வாழை வைத்திருப்பவர்களுக்கு ராத்திரி என்பது அரைத்தூக்கம்தான். மேற்கே மலை. யானை இறங்கினால் காதில் விழுந்தாக வேண்டும்.

அப்பாவுக்கு இடது காது மந்தம். அதைக் கீழே வைத்து, நல்ல காது மேலே இருக்கும்படிதான் தோட்டத்துச் சாளையில் படுப்பார். கோரைப்பாய், இலவம்பஞ்சுத் தலகாணி. பஞ்சு தலைக்குக் குழிந்து கொடுக்கும், கோரை சொரசொரப்பு. நகர வழியே இல்லை.

இடுப்புவலி வந்தபிறகு, மலையேறுகிறவர்கள் கொண்டுபோகும் காற்று மெத்தையும் காற்றுத் தலகாணியும் வாங்கிக் கொடுத்தேன். இரண்டும் வழவழ நைலான். தலகாணி வழுக்கி ஓடும், அவர் புரளுவார், நல்ல காது புதைந்துபோகும்.

"ஏங்கண்ணு, இதப் புடிச்சு வெக்கறதுக்கே ஒரு ஆளு வேணுமாட்ட இருக்குது."

கயிறு போட்டுக் கட்டட்டுங்களாப்பா என்றேன். எந்திரிச்சு ஓடறப்ப கால்ல சிக்கும், வேண்டாம் என்றுவிட்டார். நியாயம்தான்.

வெள்ளியங்கிரி ஏறுகிறவர்கள் பையைத் தலைக்கு வைத்துப் பாறையில் தூங்குவார்கள். கல்லில் எதுவும் வழுக்காது. எங்களுக்கும் சொரசொரப்புதான் தேவைப்பட்டது. தலகாணியில் காற்றைக் கொஞ்சம் இறக்கினோம். தலை அமுங்கி உட்கார்ந்தது, பாதி சரி. மெத்தையின் தலைமாட்டில் பழைய பருத்திப் பனியனை மாட்டி, தலகாணியை அதற்குள் செருகியதில் மீதியும் சரி.

பனியனைத் துவைத்துப்போட்ட அன்றைக்கு மட்டும் கோரைப்பாய்.