மூன்று ஆட்டத் தடை

இரவு 11 மணிக்கு மேல், பாத்திரம் கழுவி முடித்த பிறகு, நான் ஓர் அமெரிக்கக் கல்லூரியின் கூடைப்பந்துப் பயிற்சியாளர். கணினி விளையாட்டில்தான். பழைய விளையாட்டு, இதில் பெண்கள் அணியே கிடையாது. 13 உதவித்தொகை இடங்கள். ஆள்சேர்ப்புக்கு வாரத்துக்கு இத்தனை மணி நேரம் என்று அளந்து தருவார்கள். பள்ளிப் பையன்களுக்குப் போன் போட வேண்டும், வீடு தேடிப் போக வேண்டும், முதல் வருடமே ஆட வைக்கிறேன் என்று வாக்குக் கொடுக்க வேண்டும்.

போன வாரம் என் நட்சத்திர ஆட்டக்காரன் வகுப்புக்கு மட்டம் போட்டான். எச்சரிக்கையா, தடையா என்று திரை கேட்டது. அடுத்தது பெரிய ஆட்டம். எச்சரிக்கையை அழுத்தினேன். போன சீசனில் இதே தப்புக்கு ஒரு பெஞ்ச் பையனுக்கு 3 ஆட்டம் தடை போட்டவளும் நான்தான்.

கல்லூரியில் நான் பாயிண்ட் கார்டு. மேட்ச் முடிந்து விடுதிக்கு 20 நிமிடம் தாமதமாக வந்தேன். அப்பாவுக்குக் கடிதம் போனது. அப்பா திட்டவில்லை, பந்தை எடுத்துப் பரணில் போட்டார். அவ்வளவுதான் என் ஆட்டம். அதே வேனில் வந்த பையன்களின் விடுதிக்குப் பூட்டே கிடையாது.

பாட் சம்மிட் 1974இல், 22 வயதில், டென்னசி பெண்கள் அணிக்குப் பயிற்சியாளரானார். வேன் ஓட்டினார், சீருடை துவைத்தார். 1990இல் பிரசவ வலியோடு ஒரு மாணவியின் வீட்டில் உட்கார்ந்து, அணியில் சேரச் சொல்லிப் பேசிவிட்டு, விமானமேறி ஊர் திரும்பிப் பிள்ளை பெற்றார். அவர் அணிப் பெண்கள் வகுப்பில் முதல் மூன்று வரிசைக்குள்தான் உட்கார வேண்டியிருந்தது.

பழைய சேமிப்பைத் திறந்து தடையை அழுத்தினேன். பெரிய ஆட்டத்தில் தோற்றோம். அவன் வேறு கல்லூரிக்குப் போய்விடுவானோ என்று இன்னும் பயமாகத்தான் இருக்கிறது.