கொட்டுக்கு வெளியே ஒரு சந்தை

தூத்துக்குடி முத்துக்குளிப்பில் அள்ளி வந்த சிப்பியை மூன்று பங்காகப் பிரிப்பார்கள். இரண்டு அரசுக்கு, ஒன்று குளியாட்களுக்கு. அந்த ஒரு பங்கை, சிப்பி பிரிக்கும் அடைப்பான ‘கொட்டு’க்கு வெளியே காத்திருக்கும் கூட்டத்திடம் நாலைந்தாக அங்கேயே விற்றுவிடுவார்கள், மூடிய சிப்பியாகவே. வாங்கியவர் கத்தியை நுழைத்துப் பிளந்து, சதையை விரலால் தடவிப் பார்ப்பார். முத்து தட்டுப்பட்டால் அவர் அதிர்ஷ்டம்.

1961ஓடு முத்துக்குளிப்பு நின்றது.

இன்று இதே கரையிலிருந்து ‘தூத்துக்குடி மீனவன்’ யூடியூப் சேனல் கடல் தொழிலை நேராகப் பார்வையாளரிடம் கொண்டுபோகிறது. யூடியூபில் நீள வீடியோக்களின் விளம்பர வருமானத்தில் 55 சதவீதமும், உறுப்பினர் சந்தாவில் 70 சதவீதமும் வீடியோ போடுபவருக்கு. பழைய மூன்றிலொரு பங்கோடு ஒப்பிட்டால் நல்ல முன்னேற்றம். ஆனாலும் விதிகளை எழுதுவது கம்பெனிதான்! வாட்ஸ்அப்பில் கருவாட்டு ஆர்டர் எடுத்துப் பார்சல் அனுப்புபவருக்கோ, வாடிக்கையாளரின் எண் சொந்தக் கைப்பேசியிலேயே இருக்கிறது.