பேய் பூட்டிய ஸ்டேஷன்

மேற்கு வங்கத்தின் புருலியா மாவட்டத்தில், ஜால்டாவுக்கும் கோட்ஷிலாவுக்கும் இடையே இருக்கிறது பேகுன்கோதர் ரயில் நிலையம். மழையை நம்பிய ஒரு போக நெல்லும் கொஞ்சம் அரக்குமே அந்தப் பக்கத்து மக்களின் பிழைப்பு. மழை பொய்த்தால் நடவுக்கும் அறுவடைக்கும் பர்த்வான் பக்கம் கூலி வேலைக்குப் போக வேண்டும். போவதற்கு ரயில் வேண்டும். சந்தால் பழங்குடியினரின் ராணி எனப்பட்ட லாச்சன் குமாரியும் முயற்சி எடுத்து, 1960ல் நிலையம் வந்தது.

ஏழே ஆண்டுகள். 1967ல் ரயில்வே ஊழியர் ஒருவர், வெள்ளைச் சேலை உடுத்திய பெண்ணின் ஆவியைத் தண்டவாளத்தின் அருகே பார்த்ததாகச் சொன்னார். பின்னர் அவர் இறந்துபோனபோது, பேய் அடித்துவிட்டது என்று பேச்சு கிளம்பியது. ரயிலில் அடிபட்டுச் செத்தவள்தான் அலைகிறாள் என்று கதைக்குக் கை கால் முளைத்தது. ஊழியர்கள் அங்கே வேலை பார்க்க மறுத்தார்கள். ரயில்கள் நிற்காமல் போயின. அந்த இடத்தைக் கடக்கும்போது பயணிகள் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்களாம்.

ஒரு நிலையத்தைத் திறக்க எத்தனை மனு, எத்தனை கோப்பு! மூடுவதற்கு ஒரு வதந்தி போதுமானதாக இருந்தது.

கட்டடம் பாழடைந்தது. ஊர்க்காரர்கள் ரயில் பிடிக்க ஜால்டாவுக்கோ கோட்ஷிலாவுக்கோ போனார்கள். பிரசவ வலி எடுத்தவளுக்கும் பரீட்சை எழுதப் போகும் பையனுக்கும் அதே வழிதான். பேய்க்கு யார் பயந்தார்களோ தெரியாது. அதற்கு விலை கொடுத்தவர்கள் இவர்கள்தான்.

வசதியில்லாத ஊருக்கு மாற்றலாகி வர விரும்பாத ஊழியர்கள் கட்டிவிட்ட கதை இது என்று பின்னாளில் சொன்னவர்கள் உண்டு. நம்ப முடியாததல்ல. காட்டோரத்து ஊருக்குப் போக மனமில்லாத ஆசிரியருக்கும் மருத்துவருக்கும் ஆயிரம் காரணம் கிடைக்கிறது. இங்கே கிடைத்தது ஒரு பேய்.

1990களின் இறுதியில் கிராமத்தார் குழு அமைத்து, நிலையத்தைத் திறக்கக் கோரி அலையத் தொடங்கினார்கள். 2009ல், பேய் பிசாசில் நம்பிக்கை இல்லை என்று சொன்ன அன்றைய ரயில்வே அமைச்சர் மம்தா பானர்ஜி நிலையத்தைத் திறந்து வைத்தார். 42 ஆண்டுகளுக்குப் பிறகு ரயில் நின்றது. ஆனாலும் ரயில்வே ஊழியர் யாரும் அமர்த்தப்படவில்லை. டிக்கெட் விற்றது ஒரு தனியார் முகவர்.

பேய்க்கதை அதோடு முடியவில்லை. அதைக் கேள்விப்பட்டு வெளியூர்க்காரர்கள் இரவில் வேடிக்கை பார்க்க வர ஆரம்பித்தார்கள். 2017 டிசம்பரில் பகுத்தறிவு இயக்கத்தினர் போலீஸ் துணையுடன் ஓர் இரவு அங்கே தங்கினார்கள். பேய் வரவில்லை. நிலையத்தின் பின்னால் ஒளிந்திருந்து சத்தம் போட்ட சில ஆட்கள்தான் கண்ணில் பட்டார்கள்.

ஊர்க்காரர்கள் பேயை ஓட்டச் சொல்லி மந்திரவாதியிடம் போகவில்லை. மனுவை எடுத்துக்கொண்டு அரசாங்கத்திடம்தான் போனார்கள். அவர்கள் கேட்டது, நின்று போகும் ஒரு ரயில்.